வருவீர்களா? வந்துகொண்டிருப்பீர்களா?

எதிர்காலம் காட்டும் இடைநிலைகள் பகரமும் வகரமும் என்று இருபது ஆண்டுகளாக நன்னூல் நடத்துகிறேன். ஆங்கிலத்தின் எதிர்காலமோ என்னை ஒருமுறை ஏமாற்றிவிட்டது. விடுதியிலிருந்து மகள் எழுதியிருந்தாள்: "வில் யூ பி கமிங் ஆன் சண்டே, வாப்பா?" வெறும் விசாரிப்பு என்றெண்ணி, விடைத்தாள் திருத்த அமர்ந்துவிட்டேன்.

ஆங்கிலத்துறை நண்பர் பின்னர் விளக்கினார். 'வில் யூ கம்' என்பது வரும்படி வேண்டுவதாகவும் அமையும். மற்றதோ, ஏற்கெனவே உள்ள எண்ணத்தை மட்டும் வினவி, மறுப்பதற்கும் இடந்தரும் பணிவு. 'எட்டு மணிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்' போன்ற தொடர்வினைக்கே அவ்வடிவம் என்று நான் கற்றிருந்தது பாதிதான்!

என்னை வற்புறுத்தலாகாது என்றே மகள் அதனைத் தேர்ந்திருக்கிறாள். அன்று மாலைவரை விடுதி வாயிலிலேயே நின்றாளாம். அடுத்த மடல் தமிழில் வந்தது, ஒரே வரி: "வாப்பா, வாங்க."