பிள்ளையாருக்குப் பேரம்

மகளின் புது வீட்டுக்கு ஒரு மரப் பிள்ளையார் வாங்கவேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. "செய்யுற இடத்துக்கே போய் வாங்கிட்டு வருவோமே" என்றார் என்னவர். புளிசாதம் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பிவிட்டோம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். மரச்சிற்பத் தொழிலோ அதைவிடப் பழசு. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு எங்கோ செதுக்கியதைக் 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்' என்று விற்கமுடியாது.

நாங்கள் போன பட்டறை ஒரு வீட்டின் முன்கட்டு. "வாங்கம்மா, உக்காருங்க" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார் சிற்பி. வாகை மரத்தில் பிள்ளையார் பாதி முளைத்திருந்தார். "மரம் நல்லாக் காயணும்மா. பச்சையில செதுக்கினா பின்னால வெடிச்சிடும்" என்றார். உருவத்தை மரத்தில் வரைந்து, பெரிய உளியால் வேண்டாததைத் தள்ளி, பிறகு சின்னச் சின்ன உளிகளால் நகையும் மடிப்பும் எடுக்கிறார். கொட்டாப்புளி 'டொக் டொக்' என்று விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "கை தவறிக் கொம்பு உடைஞ்சா?" என்றேன். "ஒண்ணு உடைஞ்ச கொம்புதானேம்மா!" என்று சிரித்தார்.

விலை சொன்னார். வழக்கம்போல் நான் ஐந்நூறு குறைக்கச் சொன்னேன்.

அப்போதுதான் மூலையில் அவர் மனைவியைக் கவனித்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, முடிந்த சிலையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொட்டில். இளைப்புப் பிள்ளையை வளர்த்தவள் நான், மனசு கேட்கவில்லை. மரத்தூசு நுரையீரலுக்கு ஆகாது. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 1995-லேயே சொல்லிவிட்டது. தேய்ப்பதை வெளி முற்றத்துக்கு மாற்றவும், முகமூடி போடவும், தூசியைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கவும் சொன்னேன்.

"முகமூடி மூச்சு முட்டுதுக்கா. தொட்டிலை இப்பவே உள்ள கட்டிடறேன்."

"இந்த விலையில உன் கூலி எவ்வளவும்மா?"

"எனக்கெதுக்குக்கா கூலி? வீட்டு வேலைதானே!"

பேரத்தை அத்தோடு விட்டேன். சொன்ன பணத்தை எண்ணி, அவள் கையில்தான் கொடுத்தேன். சிற்பி ஒன்றும் சொல்லவில்லை.

கல்வராயன் மலையடியில் கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டபோது மணி மூன்று. திரும்பும் பஸ்ஸில் பிள்ளையார் என் மடியில். என்னவர் மட்டும், "ஐந்நூறு போச்சே" என்று ஆத்தூர் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.