அம்மாவை மறைத்துப் பேசினேன்

பெண்கள் தின விழாவில் நான் பேசியது பொய். ‘சரியாகத் திட்டமிட்டால் வேலையையும் வீட்டையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளலாம்’ என்றேன். கைதட்டினார்கள். நான் ஒன்றும் திட்டமிடவில்லை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் என் வீட்டில் அம்மா இருந்தார், அவ்வளவுதான்.

ஆம்பூரில் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு என் மகனுக்காக வந்தவர். எங்கள் வீடு லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி. மூட்டுவலியோடு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, பேரனை இடுப்பில் இடுக்கி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவார். அந்நேரம் நான் நாகவாராவில் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பேன். பையனுக்குக் காய்ச்சல் என்றால்கூட நான் வீடு திரும்பிய பிறகுதான் சொல்வார். என் கணவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. 2019 மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். என் பங்கையும் அம்மாதான் செய்தார்.

இதை மறைத்ததைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. என் டீமில் ஒரு பெண், பிரசவ லீவு முடிந்து வந்தவள். ஊரிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு ஆளில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பட்டுமா என்று கேட்டாள். ‘நானும் பிள்ளை வளர்த்தவதாம்மா’ என்று மறுத்தேன். அந்த ஆண்டு அப்ரைசலில் ‘ஈடுபாடு போதாது’ என்று எழுதியதும் நான்தான். அவள் வேலையை விட்டுவிட்டாள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 2017 மகப்பேறு சட்டத் திருத்தம். எங்கள் ஆபீசில் அது இல்லை. கேட்கக்கூடிய பதவியில் இருந்தும் நான் கேட்கவில்லை. எனக்குத் தேவைப்படவில்லையே!

பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் 12 ஆண்டுகள் இருந்த சென்னைப் பெண் இந்திரா நூயி, பிள்ளைகளை வளர்க்கத் தாயும் உறவினர்களும் கைகொடுத்ததை 2021இல் வந்த சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நியூசிலாந்துப் பிரதமராக இருந்தபோதே 2018இல் தாயான ஜெசிந்தா ஆர்டெர்ன், வீட்டிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது தன் துணைவர் என்று நாடறியச் சொன்னார். அவ்வளவு பெரியவர்கள் சொன்னதை என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் என் திறமையைக் குறைத்து மதிப்பிடுவார்கள் என்று பயந்தேன்.

காப்பகம் கேட்டு இப்போதுதான் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் இன்னும் பேசவில்லை. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது.