தண்டவாளத்துக்கு ஈயம்

நவம்பர் 6, வியாழன்

வேலை முடிந்ததும் லண்டன் கிங்ஸ் கிராஸில் இறங்கி கால்ஷாட் தெருவுக்கு நடந்தேன். 1910இல் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப்பின் கீன் ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. உள்ளே ‘கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்’: கிங்ஸ் கிராஸுக்கு வடக்கே உள்ள பகுதி, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இருந்த கோலத்தில், 152இல் ஒரு பங்காக. மற்றவர்கள் ரயிலைப் பார்த்தார்கள். எனக்கென்னவோ பலகைக்கு அடியில் ஓடும் வயர்கள் மேல்தான் கண்.

நவம்பர் 8, சனி

என் மேசையில் இருப்பது ஓஓ கேஜ், 16.5 மி.மீ. அகலம். இன்ஜினுக்கு வேண்டிய 12 வோல்ட் தண்டவாளம் வழியாகவே போகிறது. துண்டுகளைச் சேர்க்கும் ஃபிஷ் பிளேட் புதிதில் நன்றாகக் கடத்தும். களிம்பு ஏறிவிட்டால் வண்டி கோடியில் போய் நின்றுவிடும். ஆகவே துண்டுக்குத் துண்டு, இரண்டு தண்டவாளத்துக்கும், கீழிருந்து தனித்தனி வயர், ஈயத்தால் பற்றவைத்து.

தண்டவாளம் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம். அழுக்கில்லாவிட்டால் ஈயம் நன்றாகவே பிடிக்கும். ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவரும் முதலில் தேய்ப்பார், சூடேற்றுவார், நவச்சாரம் தூவுவார், அப்புறம்தான் ஈயம். இங்கே அந்த வேலையை ரோசின் ஃபிளக்ஸ் செய்கிறது. நவச்சாரம் வயருக்கு ஆகாது, செம்பை அரித்துவிடும்.

நவம்பர் 9, ஞாயிறு

பழைய துண்டில் பழகினேன். சால்டரிங் அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி அப்பினால் ஒட்டாது. உலோகம் சூடாக வேண்டும், அந்தச் சூட்டில் ஈயம் தானே ஓட வேண்டும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு பூச்சு (உட்பக்கம் சக்கர விளிம்புக்கு உரியது), வயர் நுனியில் ஒரு பூச்சு, பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு தொடல்.

ஸ்லீப்பர் பிளாஸ்டிக். உருகிவிடுமே என்று பயந்து சூட்டைக் குறைப்பதுதான் வம்பு. வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த கம்பி 190 டிகிரியை ஒட்டி உருகும். நுனி 350 டிகிரி இருந்தால் ஓரிரு நொடியில் முடிகிறது. சூடு குறைந்தால் நேரம் நீளும், அதற்குள் வெப்பம் ஸ்லீப்பருக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் ஈரத்துணி வைத்தால் இன்னும் நிம்மதி.

புகை ரோசினுடையது, மூச்சுக்கு நல்லதல்ல. நவம்பர் குளிரில் ஜன்னலைத் திறந்துவைக்க வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. காரீயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். இன்னொன்று: தண்டவாளத்தைப் பலகையில் ஆணியடித்துவிட்டு வயரைத் தேடாதீர்கள், முதலில் வயரை வையுங்கள்.