காமிராவுக்குக் காது வேண்டும்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில் இரண்டு காரியங்கள் ஓயாமல் நடக்கும். ஒன்று, கச்சேரி. இன்னொன்று, "கச்சேரியெல்லாம் இப்போது முன்போலவா இருக்கிறது?" என்கிற அங்கலாய்ப்பு. பெஸன்ட் நகரில் குடியிருக்கும் எங்களுக்கு மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதுதான் கடல். ஸபாக்கள் பலவும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றன. கடலோ எங்கள் தெருக்கோடியிலேயே இருக்கிறது. காலையில் கடற்கரை, மாலையில் கச்சேரி என்று தோளில் ஒரு காமிராப் பையை மாட்டிக்கொண்டு நான் அலைய ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகிறது.

"கச்சேரியைக் காதால் கேட்பார்கள். நீ கண்ணால் கேட்கிறாயே!" என்று என் மாமியார் பரிகாசம் செய்வார். நான் போட்டோ பிடிப்பதே காதால்தான் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார். ஆனால் உண்மை அதுதான், சகோதரிகளே!

இந்த ஊருக்கு இசைப் பைத்தியம் இன்று நேற்று பிடித்ததல்ல. 1927-ம் வருஷம் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது, அதையொட்டி ஒரு ஸங்கீத மாநாடும் நடந்தது. அதன் பலனாக மறு வருஷம் மியூஸிக் அகாடமி உண்டாயிற்று. டிசம்பர் மாதக் கச்சேரிகள் அப்புறம் ஒரு ஸபாவிலிருந்து பல ஸபாக்களுக்குப் பரவின. 2017-ல் யுனெஸ்கோ சங்கமே நம் ஊரை இசைக்குப் பேர் போன நகரங்களின் வரிசையில் சேர்த்துக்கொண்டது. அப்பேர்ப்பட்ட ஊரில் காமிராவும் கையுமாக நிற்கிறவளுக்குக் கொஞ்சமாவது தாளம் தெரிய வேண்டாமா?

கச்சேரியைப் படம் எடுப்பது கல்யாணத்தைப் படம் எடுப்பது போல அல்ல. "இப்படித் திரும்புங்கள், சிரியுங்கள்" என்று வித்வானிடம் சொல்ல முடியாது. முன்கூட்டி ஸபாவில் அனுமதி வாங்க வேண்டும். பளிச்சென்று வெளிச்சம் போடக் கூடவே கூடாது. மேடை விளக்கை நம்பித்தான் எடுக்க வேண்டும். பாடுகிறவர் முகத்துக்கு நேரே மைக் நிற்கும். எதிரே உட்கார்ந்து எடுத்தால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மைக்தான் விழும். ஆகையால் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பக்கம்? அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதற்காக, மிருதங்கக்காரர் பாடகரின் வலப்புறத்தில் உட்காருவார். பிடில்காரருக்கு இடப்புறம். மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தால் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால், விரல்கள் தோலில் விளையாடும் அழகை எங்கிருந்து பார்ப்பது என்பது திரை விலகுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடும்.

இனி, எப்போது பொத்தானை அழுத்துவது? இங்கேதான் காது வேலைக்கு வருகிறது. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் கோர்வை வரும். பெரும்பாலும் அதை மூன்று தரம் வாசிப்பார்கள். முதல் தரம் சும்மா கேளுங்கள். இரண்டாம் தரம் காமிராவைக் கண்ணருகே கொண்டுபோங்கள். மூன்றாம் தரம் அது முடிந்து பாட்டு மறுபடி எடுக்கிற இடத்தில் அழுத்துங்கள். அந்தக் கணத்தில் மிருதங்கக்காரரின் கை உயர்ந்திருக்கும். பாடகர் தலையை ஆட்டிச் சிரிப்பார். பிடில்காரர் வில்லை எடுத்து வைத்திருப்பார். எல்லார் முகத்திலும் ஒரே சமயத்தில் விளக்கு ஏற்றியது போல இருக்கும். கண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருப்பவர் சிரிப்பைப் பார்த்துவிட்டு அழுத்துவார். அதற்குள் அது போய்விட்டிருக்கும்.

அழுத்தும்போது 'க்ளிக்' என்று சத்தம் வந்தால் முன்வரிசை மாமாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சத்தமே போடாத காமிராக்கள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் சில எல்.ஈ.டி. விளக்குகளின் கீழ் அவற்றில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஆகவே மௌனமான ஆலாபனையின்போது கையைக் கட்டிக்கொண்டு, கைதட்டலோடு கைதட்டலாக எடுப்பதே உத்தமம்.

கடலுக்கு வருவோம். எங்கள் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளை வளைவு ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். 1930-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, பிறரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரைக் கடலுக்குக் கொடுத்த ஷ்மிட் என்கிற டென்மார்க் தேசத்தவரின் ஞாபகச் சின்னம் அது. மார்கழியில் ஆறரை மணிக்குச் சற்று முன்னால் அதனருகே நின்றால், சூரியன் நேர் கிழக்கே வராமல், வலது பக்கமாக, தென்கிழக்கில் எழுந்து வருவதைக் காணலாம். ஆனி மாதத்தில் இடது பக்கமாக, வடகிழக்கே போய்விடுவான். உத்தராயணம், தக்ஷிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிக்கிறோமே, அதை எங்கள் தெருக்கோடியில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்த வளைவை வைத்து எடுக்கிற படம் ஒவ்வொரு மாதமும் வேறு வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வடக்கே நடந்தால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அங்கே 1967-ல் கட்டி, 1977-ல் வெள்ளத்தின் வேகத்தில் இடிந்துபோன பாலம் பாதியில் நிற்கிறது. முகத்துவாரத்தின் மணல் திட்டு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. போன மாதம் காமிராவை வைத்த இடத்தில் இந்த மாதம் தண்ணீர் ஓடும்.

ஏழாவது அலைதான் பெரிய அலை என்பார்கள். நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன், கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பெரிய அலைகள் தனியாக வருவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வரும். அதற்கு முன் கரையிலிருந்து தண்ணீர் 'சர்ர்' என்று மணலை அரித்துக்கொண்டு பின்வாங்கும். அந்தச் சத்தம் நீளமாகக் கேட்டால், கோர்வையின் இரண்டாம் தரம் வந்துவிட்டது என்று நான் தயாராகிவிடுவேன்!

உப்புக்காற்றும் மணலும் காமிராவுக்குச் சத்துருக்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. மணல் படிந்தால் துணியால் துடைக்காமல் முதலில் ரப்பர் ஊதியால் ஊதித் தள்ள வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்தவுடன் பையைத் திறந்தாலும் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கடலாமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. அவற்றுக்கும் வித்வான்களைப் போலவேதான். பளிச்சென்று வெளிச்சம் ஆகாது.

கடலும் கச்சேரியும் ஒன்றாகக் கூடியதையும் நான் பார்த்திருக்கிறேன். 2015-ல் எங்கள் கடற்கரையை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் வீடுகளின் நடுவில் ஒரு விழா ஆரம்பித்தார்கள். பாடகர் டி. எம். கிருஷ்ணாவும், சமூகத் தொண்டர் நித்யானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும், இன்னும் பலரும் சேர்ந்து செய்த முயற்சி. வருஷத்துக்கு வருஷம் கர்நாடக ஸங்கீதமும், பரத நாட்டியமும், பறையாட்டமும், கூத்தும் அங்கே ஒரே மேடை ஏறின. பிறகு பெயர் மாறி, நகரின் வேறு இடங்களுக்கும் அந்த விழா போயிற்று.

அங்கே படம் எடுப்பது புது அனுபவம். டிக்கெட் கிடையாது, முன்வரிசை மாமாக்கள் கிடையாது. முன்வரிசையில் குழந்தைகள். மைக்கில் காற்று புகுந்து 'ஹோ' என்கும். பாட்டுக்கு நடுவில் ஒரு நாய் மேடை ஓரமாக நடந்துபோகும். யாரும் விரட்டவில்லை. பறை ஒலித்தபோது ஒரு கிழவி எழுந்து நின்று தோளை அசைத்தாள். அவளைத்தான் எடுத்தேன்.

மறுநாள் காலையில் மீன் கூடையோடு அவளே எதிரில் வந்தாள். "இன்னாம்மா, நேத்து என்னைப் படம் புட்ச்சியே, எங்க அது?" என்றாள். காமிராவின் திரையில் காட்டினேன். கூர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொட்டிக்குள்ளயே வச்சுக்குவியா? தினம் பத்து பேர் வர்றாங்க, எங்களப் புட்ச்சிக்கினு போறாங்க. திருப்பிக் கொணாந்து குடுத்தவங்க யாருன்னு சொல்லு!"

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே ஸ்டூடியோவில் கொடுத்துக் காகிதத்தில் அச்சுப் போட்டு எடுத்துப் போனேன். அவள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. கட்டுமரத்தின் அருகே நிற்கும் அவள் புருஷன். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் போய், கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடுகிற பழைய கட்டுமரம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கண்ணாடி இழைப் படகும் மோட்டாருமாகப் பெருகிவிட்டது. "ஆளும் இல்ல, மரமும் இல்ல. இந்தப் படம் மட்டும் இருக்குது" என்றாள் ஆயா. தன் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "நல்லா ஆடியிருக்கேன், இல்ல?" என்று கேட்டாள்.

அதே வருஷம் டிசம்பரில் இன்னொன்று நடந்தது. நான் வழக்கமாகப் போகும் ஒரு சின்ன ஸபாவில் தம்பூரா போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி காலமாகிவிட்டார். தம்பூராவுக்கு இடம் எப்போதும் பாடகரின் பின்னால்தானே? நான்கு தந்திகளையும் மாறி மாறி மீட்டிக்கொண்டு, இரண்டரை மணி நேரம், கைதட்டலில் பங்கு கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டிச் சுருதி வந்த பிறகு பல மேடைகளில் அந்த இடமே காலியாகிவிட்டது. அந்த மாமியோ கடைசி வரையில் தந்தியைத்தான் நம்பினார்.

பத்தாம் நாள் அவர் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "மாமி, அம்மா மேடையில் உட்காராத ஸீஸனே கிடையாது. ஆனால் தம்பூராவோடு அம்மா இருக்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் பாடுகிறவர் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். உங்களிடம் ஏதாவது இருக்குமா?"

என்னிடம் இருந்தது. ஒரு நாள் பாடகர் ஆலாபனையை மெள்ள மெள்ளத் தேய்த்து நிறுத்திய கணத்தில், பிடிலும் ஓய்ந்து, மண்டபத்தில் தம்பூரா நாதம் மட்டும் தனியாகக் கேட்டது. காது போன திசையிலேயே காமிராவும் போயிற்று. பாடகர் தண்ணீர் குடிக்கக் குனிந்திருக்கிறார். அவர் பின்னால், தம்பூராத் தண்டின் மேல் கன்னத்தைச் சாய்த்தபடி, கண்ணை மூடிக்கொண்டு மாமி சிரிக்கிறார். யாரைப் பார்த்தும் அல்ல, எதையோ கேட்டு. பத்திரிகைக்கு உதவாத படம் அது. வித்வான் முகமே அதில் இல்லையே!

அந்தப் பெண் அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது, மாமி" என்றாள். மகளுக்கும் தெரியாத சிரிப்பு!

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. மேடையில் பிரதான வித்வானை எடுத்தாகிவிட்டதும், "இங்கே கேட்கிறது, ஆனால் கண்ணில் படவில்லையே, அது யார்?" என்று தேடுவேன். தம்பூரா போடுகிற மாணவி, மைக்கைச் சரிசெய்கிற பையன், கான்டீனில் வாழையிலை போடுகிறவர். கடற்கரையிலும் அப்படியே. சூரியோதயத்தை எடுத்த கையோடு, வலையிலிருந்து மீனைப் பிரிக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு அவர்களை எடுப்பேன். "வேணாம்" என்றால் காமிரா பைக்குள் போய்விடும். "எடு" என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் காகிதத்தில் அச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

"ஊருக்கெல்லாம் படம் அச்சடித்தே குடும்பம் முழுகிவிடும்" என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டுதான். ஆனால் அவருக்கும் தெரியும், ஒரு சின்னப் படத்துக்கு ஸபா கான்டீன் காப்பியின் விலைகூட ஆகாது என்று.

இப்போது நம் எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. டெலிபோனுக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கில் படங்கள் தூங்குகின்றன. பேரனுடைய பிறந்தநாள் படத்தில் ஓரமாகப் பாதி முகம் தெரிய நிற்கிற சமையல்கார அம்மாள் யார்? கல்யாணத்தில் நாயனக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதினவர் யார்? இந்த வாரம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து தேடிப் பாருங்கள். கிடைத்த ஒன்றை அச்சுப் போட்டு உரியவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அவர் அதைப் பார்க்கும்போது முகத்தில் ஒன்று வரும். அதைப் படம் எடுக்க வேண்டாம், பார்த்தாலே போதும்.