வியன்னா நகரத்து நிலவறையில்

வியன்னாவுக்குப் போகிறவர்கள் அரண்மனைகளையும் சங்கீத மண்டபங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அந்நகரத்தின் ஒரு பகுதி பூமிக்குக் கீழே இருக்கிறது. 1857-ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி இடிக்கக் கட்டளையிடும் வரையில் பழைய நகரத்தைச் சுற்றிக் கோட்டை மதில் இருந்தது. பக்கத்தில் பரவ இடமில்லாத வீடுகள் கீழ்நோக்கி வளர்ந்தன. கோடையிலும் குளிர்ச்சி குன்றாத அந்த நிலவறைகளில் திராட்சை மதுப் பீப்பாய்கள் கிடந்தன. பிற்காலத்தில் மேஜை நாற்காலிகளும் வந்து சேர்ந்தன.

அத்தகைய போஜனசாலை ஒன்றுக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆல்பர்ட்டினா மாளிகையின் அடியிலுள்ள 'அகுஸ்டினர்கெல்லர்' அது. தலைக்கு மேலே செங்கல் வளைவு; ஒரு பக்கம் அக்கார்டியன் வாத்தியம்; எங்கும் பேச்சும் சிரிப்பும்.

மாமிசம் உண்ணாதவர்களுக்கு ஆஸ்திரிய போஜனம் ஒரு பரீட்சைதான். உருளைக்கிழங்கு சாலட்தானே என்று துணிந்துவிடக் கூடாது. மாட்டிறைச்சி வேகவைத்த சாற்றை அதில் ஊற்றிக் கலப்பது அவ்வூர் சம்பிரதாயம்! கேட்டுத் தெரிந்துகொண்டு விலக்கினோம். முட்டைக்கு ஆட்சேபணை சொல்லாத குழந்தைகளுக்குக் 'கைஸர்ஷ்மார்ன்' வந்தது. பாலும் மாவும் முட்டையும் கலந்து வார்த்த தடித்த அடையைத் துண்டு துண்டாகப் பிய்த்து, சர்க்கரை தூவி, பிளம் பழப் பாகுடன் தருகிறார்கள். எங்கள் வீட்டு அம்மாளுக்கு ஆப்பிள் ஸ்ட்ரூடல். அதன் மாவை, அடியில் வைத்த பத்திரிகையை வாசிக்கும்படி அவ்வளவு மெல்லியதாக இழுக்க வேண்டுமாம். "போளி தட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய காரியமா?" என்றாள். ஆயினும் இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுவரைத் தட்டிப் பார்த்த பையன், "எவ்வளவு கனம்! யுத்தம் வந்தால் இங்கே ஒளிந்துகொள்ளலாம், இல்லையா அப்பா?" என்று கேட்டான்.

சாப்பாடு முடிந்ததும் படியேறி, எதிரே இருந்த சதுக்கத்துக்கு அவனை அழைத்துப் போனோம். இரண்டாம் உலக யுத்தத்தில் வியன்னா மக்கள் அப்படித்தான் ஒளிந்தார்கள். ஒரு வீட்டு நிலவறையிலிருந்து அடுத்ததற்குத் தப்பிச் செல்ல இடைச்சுவர்களை உடைத்து வழி செய்திருந்தார்கள். 1945 மார்ச் 12-ஆம் தேதி விமானங்கள் குண்டு பொழிந்தன. அருகிலிருந்த ஆப்பரா மாளிகை எரிந்தது. இந்தச் சதுக்கத்தில் நின்ற 'பிலிப்ஹோப்' என்னும் பெரிய கட்டடம் தன் நிலவறைகளின் மேலேயே சரிந்தது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் எடுக்கப்படவே இல்லை.

அங்கே மறுபடி வீடு கட்டவில்லை. ஆல்பிரெட் ஹர்ட்லிச்கா என்ற சிற்பி அமைத்த, யுத்தத்துக்கும் பாசிசத்துக்கும் எதிரான ஞாபகச் சின்னம் 1988 முதல் அவ்விடத்தில் நிற்கிறது. அதன் கருங்கல், கைதிகளை வதைத்து வேலை வாங்கிய மௌட்ஹௌஸன் கல் குவாரியிலிருந்து வந்தது.

பையன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சதுக்கத்தின் நடுவே கால் வைக்காமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு டிராம் வண்டியை நோக்கி நடந்தான்.