ஐபு யாருடையது?

ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர்ப் பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறினோம். மூன்றாம் வாரம், நம் கிதாபுகளை அடுக்கிய அறையின் தளம் ஒழுகத் தொடங்கிற்று. வாங்கிய பொருளில் முன்பே குறையிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு. 'கியாருல் ஐப்' எனும் அப்பாடத்தை 30 ஆண்டுகளாக நடத்திவரும் நமக்குச் சினம் வாராதிருக்குமா? விற்றவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதி அஞ்சலிலும் சேர்த்துவிட்டோம்.

நான்காம் நாள் முதிய கொத்தனார் ஒருவர் வந்து மேலேறிப் பார்த்தார். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லியிட்டு அடித்த தளம் அது.

"ஹஜ்ரத், இந்தத் தொட்டியை வைத்தது யார்?" என்றார்.

1,000 லிட்டர்த் தொட்டி. குடியேறுமுன் நாமே வைத்தது. நிறைந்தால் நீர் மட்டுமே 1,000 கிலோ. அப்பாரத்தால் நடுக்கட்டைகள் வளைய, சுண்ணாம்பு வெடித்திருந்தது.

சிமெண்டு பூசலாமா என்றோம். "அது இறுகி நிற்கும், மரம் அசையும். இரண்டுக்கும் ஒத்துவராது" என்றார். அன்று தொட்டியைத் தரையில் இறக்கித் தார்ப்பாய் விரித்தார். தை வெயில் கண்டபின், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பால் விரிசல்களை அடைத்தார்.

வாங்கியவன் கையில் விளைந்த குறைக்கு விற்றவன் பொறுப்பல்லன் என்பதும் அதே பாடத்தில் உள்ளதுதான். பிறர்க்கு ஓதிய நாம் அதை மறந்தோம்.

தொட்டியை இறக்கிய மாலையே விற்றவர் இல்லம் சென்று, பிழை பொறுக்க வேண்டினோம். கடிதத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

"கிதாபுகள் நனைந்துவிட்டனவா?" என்று மட்டும் கேட்டார்.