நாலரை அடி

தெற்கு பஜாரில் அந்த ஒடுங்கின மாடிப்படி உங்களுக்கும் நினைவிருக்கும். பாளையங்கோட்டையில் படித்து, பிழைப்புக்கு வெளியூர் போய், நல்லது கெட்டதுக்கு மட்டும் வந்து திரும்புகிறவர்களில் நீங்களும் ஒருவரென்றால், நடுப்படியில் சிமென்ட் பேர்ந்து கிடந்த குழிகூட உங்கள் கால்விரலுக்குத் தெரியும். கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். மேலே அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டர். சாயங்காலம் நாலு மணிக்குக் கீழே இருபது மெஷின் ஒரே நேரத்தில் தடதடக்கும்போது மேலே மேஜைமேல் வைத்த டீ கிளாஸில் வட்டம் வட்டமாக அலை எழும்பும்.

ஏறும்போதே வாசனை மாறும். கீழ்ப்படியில் ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும். நடுவில் டீக்கடையிலிருந்து வரும் வாழைக்காய் பஜ்ஜி. மேலே செருப்பைக் கழற்றிவிட்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினால், சூடேறின மானிட்டர் தூசியும் ஊதுபத்தியும் சேர்ந்த ஒரு மணம். அதற்கு இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பேர் தெரியாது. வெள்ளிக்கிழமை என்றால் சாம்பிராணி. பெரிய சிபியூ மேல் பிள்ளையார் படம், அதற்கு ஒரு முழம் பிச்சிப்பூ. ஆயுதபூஜைக்கு ஆறு கீபோர்டுக்கும் சந்தனம் வைத்துவிடுவார். தீபாவளி வரைக்கும் விரலில் ஒட்டும்.

அந்த மோடம் சத்தத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முதலில் டொக் டொக்கென்று நம்பர் விழும். பிறகு ஒரு கிறீச்சல். பிறகு காய்ந்த எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி ஒரு பொரிச்சல். அதற்கப்புறம் வரும் மௌனத்துக்காக எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். மௌனம் வந்துவிட்டால் லைன் கிடைத்துவிட்டது. மறுபடியும் டொக் டொக் கேட்டால், "செத்த பொறுலே, வரும்" என்பார் அண்ணாச்சி. எலியின் வயிற்றைத் திறந்து, உள்ளிருக்கும் உருண்டையை வேட்டி நுனியில் துடைத்துத் திரும்பப் போடுவார். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற பெண்களின் நிதானம் அவர் விரலில் இருந்தது.

அவரிடம் நீள நோட்டு ஒன்று இருந்தது. கேபின் எண், நேரம், ஆள். ஆள் என்ற இடத்தில் யார் பேரும் இருக்காது. "சர்வே ஆபீஸ் வீட்டுச் சின்னவன்", "மார்க்கெட் வாழக்கா கடை மருமவன்", "சேவியர் காலேஜ் சுருட்டமுடி" என்றுதான் எழுதுவார். நான் "பெரிய டீச்சர் மவன்". நோட்டைப் படித்தால் ஊரே நடமாடும்.

ஆறு கேபினுக்கும் ஆளுயரத்துக்கு மேலே பிளைவுட் தடுப்பு, முன்னால் மெரூன் திரைச்சீலை. ஒரு மணி நேரத்துக்கு முப்பது ரூபாய். ஒருத்தன் காசு கொடுப்பான், மூன்று பேர் ஒரே ஸ்டூலில் ஒட்டிக்கொள்வோம். யாஹூ சாட்டில் நுழைந்ததும் யாரோ எங்கிருந்தோ வயதும் ஊரும் கேட்பார்கள். ஊர் பாளையங்கோட்டை என்று அடித்துவிட்டு, அந்த ஆளுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று காத்திருப்போம். பொங்கலுக்கு அசையும் கரும்புப் படம் போட்ட வாழ்த்து அட்டைகளை, பக்கத்துக் கேபினில் இருக்கும் கூட்டாளிக்கே அனுப்புவோம். அங்கே அது திறந்த சத்தம் தடுப்பைத் தாண்டிக் கேட்கும், சிரிப்பும் கேட்கும். நாங்கள் இணையத்தில் விளையாடினது அப்படித்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்போதும் தெரிந்த ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு ஹெட்மாஸ்டர் சார் வருவார். ரிட்டயர் ஆகியும் குடையும் கையுமாகத்தான் நடை. இரண்டாம் எண் கேபினில் உட்கார்ந்து யாஹூவில் செஸ் ஆடுவார். எதிராளி ஒரு துருக்கிக்காரர். அவர் பேரோ வயதோ சாருக்குத் தெரியாது. குதிரையை முந்திக்கொண்டு இறக்குகிற ஆள் என்று மட்டும் தெரியும். சுனாமி வந்த 2004 டிசம்பரில், மறுநாள் சாயங்காலம் சார் உட்கார்ந்ததும் அந்தப் பக்கம் காய் நகரவில்லை. கடல் உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம், வீட்டில் எல்லாரும் பத்திரமா என்று இரண்டு வரி வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. அரைமணிக்கான காசை வைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டுப் போனார்.

தமிழில் படிப்பது அந்நாளில் தனிப் பாடு. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கட்டமும் கோணல்மாணல் எழுத்தும் நிற்கும். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ் 99 என்று ஒரு விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் அரசு தரமென்று அறிவித்திருந்தார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் திஸ்கி என்ற குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். உலகம் யூனிகோடு பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தது. கீழ் மாடியிலோ, அரசு நடத்தும் லோயர், ஹையர் பரீட்சைக்காகப் பிள்ளைகள் பழைய தட்டச்சு மெஷினில் பழைய வரிசைப்படி தமிழ் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் செல்லும். ஒரே அரசு மேலே ஒரு விசைப்பலகையையும் கீழே இன்னொன்றையும் ஏன் வைத்திருந்தது என்று யோசித்துக்கொண்டே நான் இரண்டு மாடிக்கும் நடந்தேன். என் விரல்களில் இன்றும் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

புரியாத உத்தரவுகள் அப்படித்தான் அந்த மாடிக்கு ஏறி வரும், முன்னறிவிப்பில்லாமல். 2003 செப்டம்பரில் மேகாலயத்துப் பிரிவினை இயக்கம் ஒன்றின் சின்னக் குழுவை யாஹூ குழுக்களில் முடக்கச் சொல்லி மத்திய அரசு உத்தரவு போட்டது. அந்த ஒன்றை மட்டும் தனியே பிரித்து மூட இணையம் தரும் கம்பெனிகளுக்கு முடியவில்லை. யாஹூ குழுக்கள் முழுவதும் நாடெங்கும் நின்றுபோயின. ஹெட்மாஸ்டர் சார் அங்கே மரத்தடி என்ற தமிழ்க் குழுவில் கதைகள் படித்து வந்தவர். தினமும் படியேறி வந்து, "தெறந்துட்டானா?" என்று கேட்பார். அண்ணாச்சி உதட்டைப் பிதுக்குவார். 2006 ஜூலையில் மறுபடியும். தொலைத்தொடர்புத் துறை மூடச் சொன்னது சில பக்கங்களைத்தான். ஜியோசிட்டீஸும் பிளாக்ஸ்பாட்டும் மொத்தமாக மூடிக்கொண்டன. தன் பிறந்த ஊர் அம்மன் கோவில் கொடையைப் பற்றி சார் ஜியோசிட்டீஸில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். எங்கேயோ யாரோ எழுதினதற்கும் எங்கள் சாரின் நாலு பக்கத்துக்கும் என்ன சம்பந்தமென்று எங்களுக்கு விளங்கவேயில்லை. வாய்க்காலில் ஒரு மீன் கெட்டதென்று ஆற்றையே அடைத்தால் கரையில் குளிக்க வந்தவன் எங்கே போவான்?

பிளஸ் டூ ரிசல்ட் நாளை எப்படிச் சொல்லாமல் விடுவது? அக்கினி நட்சத்திர வெயில். காலையிலேயே மாடிப்படி முழுக்கப் பிள்ளைகளும் தகப்பன்மார்களும். வரிசை டீக்கடை தாண்டி வேப்பமரம் வரைக்கும் நீளும். அண்ணாச்சி ஒரே ஆளாக உட்கார்ந்து நம்பர் அடிப்பார். பக்கம் திறக்கத் திறக்கப் பாதியில் நிற்கும். மார்க்கைச் சத்தமாகச் சொல்ல மாட்டார். அச்செடுத்து மடித்துக் கையில் கொடுப்பார். பாஸான பிள்ளையிடம் பத்து ரூபாய். பெயிலான பிள்ளை காசை நீட்டினால் அதன் விரலை மடக்கி மூடிவிட்டு, "ஜூன்ல எழுதிக்கிடலாம்லே, வீட்டுக்குத்தான் போணும், என்ன?" என்பார். அந்தக் கடைசி வார்த்தையில் எத்தனை பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்களோ.

ஐப்பசி மழையில் கண்ணாடி ஜன்னல் வேர்த்து நிற்கும். தசராவுக்கு ஆயிரத்தம்மன் சப்பரத்தோடு மற்ற அம்மன் சப்பரங்களும் வரும் இரவில் வயருக்குப் பயந்து கரண்டை நிறுத்துவார்கள். நாங்கள் மாடி வராந்தாவில் நின்று நையாண்டி மேளத்தோடு அம்மன் முகத்தை நேருக்கு நேராகப் பார்ப்போம். அது ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட இருட்டு. பிறகு வந்த இருட்டு அப்படியில்லை. 2008-லிருந்து மின்வெட்டு ஏறிக்கொண்டே போய், 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டியது. யூபிஎஸ் ஆறும் சேர்ந்து கீச்சிடும். "கரண்டு போயிட்டு, சேமிச்சுக்கிடுங்க" என்று அண்ணாச்சி குரல் கொடுப்பார். அந்த இருட்டுக்கு நடுவில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று, மாணவர்களுக்கு மடிக்கணினியும், வீடுகளுக்கு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் பெட்டி பிரிக்காத மின்விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெண்கள் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். கிடைத்ததில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். எப்போது சுற்றும் என்றுதான் கேட்டார்கள்.

ஆச்சியைச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் போலிருக்கிறது.

சமாதானபுரம் பக்கத்திலிருந்து வருவாள். வெள்ளிக்கிழமை மூன்று மணி. துபாயில் மகனுக்கு அன்றைக்குத்தான் லீவு. மஞ்சப்பையில் தண்ணி பாட்டிலும் வெற்றிலைச் செல்லமும். "மெதுவா ஏறுங்க ஆச்சி" என்று கீழே இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் சொல்லும். அவளுக்கு ஆறாம் எண் கேபின், கடைசி மூலை. அண்ணாச்சி பின்னால் நின்று மகனின் யாஹூ பேரை ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார். அந்தப் பேரை பிளைவுட் தடுப்பின் மேற்பக்கத்தில், தான் நின்றால் கண்ணுக்கு நேராக வரும்படி, பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மகன் முகம் தபால்தலை அளவில் வரும், நிற்கும், பிறகு வாய் மட்டும் அசையும். "எய்யா, சாப்ட்டியா?" என்பாள். அவ்வளவுதான் எங்களுக்குக் கேட்கும். அதன்பின் அவள் குரல் தாழ்ந்துவிடும். மருமகள் கொடுக்கும் சோற்றைப் பற்றியோ, செத்துப்போன தாத்தாவைப் பற்றியோ, வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தத் திரைச்சீலைக்குள் சொல்வாள் போல. வெளியே வரும்போது முகம் கழுவினது மாதிரி இருக்கும். நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டோம். அது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத மரியாதை.

2011 ஏப்ரலில் இணைய மையங்களுக்கென்று மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பேர், விலாசம், வந்த நேரம், போன நேரம் எழுதி ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். கேபின் தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. பயப்படக் காரணங்கள் நாட்டுக்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. நாலரை அடி என்று அளந்தவர்கள் எந்த ஊரின் எந்த மாடியைப் பார்த்து அளந்தார்கள் என்றுதான் இன்னமும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரி ரம்பத்தோடு வந்தார். மரத்தூள் மாடிப்படி முழுக்கக் கொட்டிக் கிடந்தது. திரைச்சீலைகளைக் கழற்றி மடித்து வைத்தார்கள். நீள நோட்டுக்குப் பதில் கோடு போட்ட புது ரெஜிஸ்டர். அண்ணாச்சி முதல்முதலாக என் பேரைக் கேட்டு எழுதினார். பத்து வருஷமாக என்னைத் தெரிந்தவர், இனிஷியல் என்னவென்று கேட்டபோது தலை நிமிரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆச்சி ரேஷன் கார்டை நீட்டினாள். அது செல்லாதென்று, வாக்காளர் அட்டைக்கு மறுபடி வீடு வரைக்கும் போய்வந்தாள். உட்கார்ந்தாள். மகன் வந்தான். "எய்யா" என்றவள், பக்கத்துக் கேபினில் பாட்டு இறக்கிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். சாப்பாடு, மழை, அரிசி விலை. பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் கழுவினது மாதிரி இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரிந்ததுதான். எல்லார் கைக்கும் போன் வந்தது. படியேறுகிறவர்கள் குறைந்தார்கள். யாஹூ மெசஞ்சரையே 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே ஓர் ஆடி மாதத்தில் அண்ணாச்சி ஷட்டரை இறக்கியிருந்தார். ஹெட்மாஸ்டர் சார் இல்லை. ஆச்சி இல்லை. கீழே மெஷின்கள் எங்கே போயினவோ. அந்த இடத்தில் நின்றால் மதிய நேரத்தில் காது அடைத்தது போல இருக்கிறது.

போன மாதம் ஒரு துட்டி வீட்டுக்குப் போய்விட்டு அந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூன்று பையன்கள், மூன்று போன், மூன்று காதிலும் வயர். ஒருவன் தோற்றுப்போய் நாக்கைக் கடித்ததை மற்ற இருவரும் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போதுதான் பெஞ்சைக் கவனித்தேன். காலுக்கு மேல் வரிசையாக அறைந்த பிளைவுட் துண்டுகள். அன்றைக்கு ஆசாரி அறுத்துப் போட்டவை. குனிந்து டீக்கறையை விரலால் தேய்த்தேன். ஓரத்தில் பென்சில் எழுத்து, அண்ணாச்சியின் சாய்ந்த கையெழுத்து, பாதிதான் மிச்சம். மறுபாதி இருந்த பலகை அங்கே இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். மழையில் ஊறிப்போச்சு, அடுப்புக்குப் போட்டுட்டோம் என்றார்.